வெள்ளைப் புடவையில் ஒரு விஞ்ஞானி

எங்கள் சொந்தக்காரர்களில் யார் வீட்டிலாவது பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், அன்றைக்கு என்னை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். இப்போது நான் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டேன். ஆனாலும் போன மாதம்கூட ஒரு பெரியம்மா, மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரமாகப் பார்த்து என்னைக் கடைக்குப் போய் வெற்றிலை வாங்கி வரச் சொன்னார். வீட்டில் தட்டு நிறைய வெற்றிலை இருந்ததை நான் பார்த்தேன். இருந்தும் போய் வாங்கி வந்தேன். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் போய் நின்று, என் அத்தைக்கு அமைய இருந்த நல்ல இடத்தை நான் கலைத்துவிட்டேன் என்பது எங்கள் உறவில் எல்லோரும் அறிந்த கதை.

கதை பாதி உண்மை. புடவை வெள்ளைதான். கட்டியிருந்ததும் நான்தான்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீடு. முன்பக்கம் நாங்கள் இருந்தோம். பின்பக்கம் வரிசையாகக் கட்டிய அறைகளில், கம்பெனிகளில் வேலை செய்ய வந்த தெற்கத்திப் பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார். குன்றத்தூரில் ஆரம்பித்து ஊர் ஊராக ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் ஒரகடத்தில் இறக்கிவிட்டு, முடிந்த ஷிப்டை ஏற்றிக்கொண்டு திரும்புவார். போகும்போதும் தூங்குவார்கள், வரும்போதும் தூங்குவார்கள், என் பஸ்ஸில் கண் திறந்திருப்பது நான் ஒருவன்தான் என்பார்.

அப்பாவின் தங்கைதான் அத்தை. தாத்தா பாட்டி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். காஞ்சிபுரத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, கைப்பேசி செய்கிற கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சின்னச் சின்னப் பச்சைப் பலகைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்குமாம். ஒவ்வொன்றையும் உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, ஈயம் சரியாகப் பற்றியிருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டுமாம். ஷிப்ட் முடிந்து வந்ததும் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். உருப்பெருக்கியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் விஞ்ஞானிகள் என்று என் பாடப்புத்தகத்துப் படம் சொன்னதால், அத்தையும் ஒரு விஞ்ஞானிதான் என்று வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன்.

அத்தைக்கு எம்.எஸ்சி. படிக்க வேண்டும். அவளுடைய கல்லூரிப் புத்தகங்கள் பரணில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சாப்பிடும்போது இதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா "பாப்போம்" என்றார். எங்கள் வீட்டில் பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டோம் என்று எனக்கே தெரியும். நாய்க்குட்டி கேட்டபோது என்னிடமும் அதையேதான் சொன்னார்.

அந்த வருடம் பள்ளியில் அறிவியல் தினத்துக்கு மாறுவேடப் போட்டி வைத்தார்கள். எல்லோரும் ஏதாவது ஒரு இந்திய விஞ்ஞானியாக வந்து, தன்னைப் பற்றித் தானே பேச வேண்டும். பையன்களில் பாதிப் பேர் ராக்கெட் விஞ்ஞானி. அட்டையில் ராக்கெட் செய்தால் போதும், வேறு சிரமம் இல்லை. எனக்கு யாராகப் போவதென்று தெரியவில்லை. அத்தையைக் கேட்டேன். அவள் ஈரத்துணியை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

நம் நாட்டில் பெண்கள் இயற்பியல் பக்கமே வராத காலத்தில் படித்த ஒரு அம்மையாரைப் பற்றி அன்றைக்கு அவள் சொன்னாள். பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரை அன்று நான் உச்சரித்த விதத்தில், அவரே எதிரில் இருந்து கேட்டிருந்தாலும் வேறு யாரையோ சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். ஆராய்ச்சி செய்ய வாய்ப்புக் கேட்டுப் போன இடத்தில், பெண்ணுக்குத் தருகிற மாதிரி இங்கே வேலை இல்லை என்றார்களாம். அவர் போகாமல் அங்கேயே நின்று வாங்கினாராம். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எந்நேரமும் பூமியில் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் பிடிக்க, மருந்து பூசிய கண்ணாடித் தகடுகளை மலைமேல் கொண்டுபோய் மாதக்கணக்கில் வைத்துவிடுவார். பிறகு அவற்றைக் கழுவி உருப்பெருக்கியில் வைத்து, துகள் ஏதாவது கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறதா என்று பார்ப்பார். நாள் முழுக்கப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. அடுத்த தகட்டை வைப்பார்.

"உன் கம்பெனி மாதிரியா அத்தை?" என்று கேட்டேன்.

"பாக்கறது ஒண்ணுதான்டி. நான் தப்பு இருக்குதான்னு பாக்கறேன். அவங்க புதுசு இருக்குதான்னு பாத்தாங்க."

பாதி வழியில் பெரிய போர் வந்துவிட்டது. நல்ல தகடு கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்துக்கொண்டு, ஒரு புதுத் துகள் இருக்கிறது என்கிற இடம் வரைக்கும் வந்துவிட்டார். அதற்குமேல் அந்தத் தகட்டில் தெரியவில்லை. பிற்பாடு வெளிநாட்டில் வேறொருவர் நல்ல தகட்டோடு அதே வழியில் போய்க் கண்டுபிடித்துப் பெரிய பரிசு வாங்கினார். எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. அப்போ இவங்க என்ன செய்தாங்க என்று சண்டைக்குப் போகிறவள் மாதிரி கேட்டேன்.

"இன்னா செய்வாங்க? அடுத்த தகட்டைப் பாக்கப் போயிட்டாங்க."

"அவங்க வூட்டுக்காரரு ஒண்ணும் கேக்கலியா?"

"அவங்க கல்யாணமே பண்ணிக்கல."

"அதையும் பேச்சுல சொல்லணுமா?"

அத்தை ஈரத்துணியை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு, "பாப்போம்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை அமைந்தார். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். குன்றத்தூரில் சொந்த வீடு. அப்பாவோடு பஸ் ஓட்டுகிற ஒருவர் மூலமாக வந்த இடம். ஜாதகம் பார்த்தாயிற்று, ஜோசியர் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாய் தகப்பன் இல்லாத தங்கையைக் கரையேற்ற வேண்டுமே என்கிற பாரத்தை அவர் இறக்கி வைத்து நான் பார்த்ததே இல்லை. பஸ் கழுவும்போதுகூட அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். "அவளுக்கு ஒரு வழி பண்ணிட்டேன்னா நான் நிம்மதியா தூங்குவேன்" என்பார். அத்தையை யாரும் கேட்கவில்லை. அவளும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது என்பது பிறகு எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். திங்கட்கிழமை எனக்குப் போட்டி.

ஞாயிறு காலையில் அம்மா அத்தைக்குப் பட்டுப்புடவை கட்டிவிட, அத்தை எனக்கு வெள்ளைப் புடவை கட்டிவிட்டாள். அது பின்னறையில் இருந்த தூத்துக்குடி அக்காவின் புடவை. மெல்லிய நீலக்கரை போட்டது, மாதாகோயிலுக்குக் கட்டிப்போக வைத்திருந்தாள். அதை நாலாக மடித்துச் சுற்றி, தோளில் ஊக்குக் குத்தி, சவுரி வைத்துக் கொண்டை போட்டு, கண்ணாடி இல்லாத வெறும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தையும் மாட்டிவிட்டாள். இவற்றைவிட எனக்குப் பிடித்தது தகடு. பழைய போட்டோ சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கரி ஏற்றி, அதன்மேல் ஊசியால் மெல்லிய கோடுகள் கீறிக் கொடுத்திருந்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கறுப்பில் வெள்ளிக் கோடுகள் ஓடின.

அம்மா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா வூட்ல வெள்ளைப் பொடவையா? இன்னா நெனச்சிகினு கட்னே? அவுத்துப் போடு மொதல்ல!"

"நாளைக்குப் போட்டி அண்ணி. கட்டிப் பாத்தாதானே கால் தட்டுதான்னு தெரியும். இவ உள்ளயேதான் இருப்பா."

புடவைக்குச் சொந்தக்காரியான தூத்துக்குடி அக்கா வாசல்படியில் நின்று, "எங்க ஊர்ல கல்யாணப் பொண்ணே வெள்ளைதான் கெட்டுவா அக்கா, ஒண்ணும் ஆவாது" என்று தன் பங்குக்குச் சொன்னாள். அம்மா அவளைப் பார்த்த பார்வையில் அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். அதற்குள் அடுப்பில் கேசரி கூப்பிட்டது. உள்ளே இருந்து தலையை நீட்டினால் தெரியும் சேதி என்று என்னை எச்சரித்துவிட்டு அம்மா ஓடினாள்.

அறையில் நானும் அத்தையும் மட்டும். அவள் என் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். பட்டு கசங்குமே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, பேச்சின் முடிவை மாற்ற வேண்டும் என்றாள். பழைய முடிவு, நாமும் அவரைப் போல நாட்டுக்கு உழைப்போம் என்பது. அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு வரி சொல்லிக் கொடுத்தாள். நான் சொல்லச் சொல்லத் திருத்தினாள். "இத மட்டும் தரையப் பாத்து சொல்லாத. எதிர்ல இருக்கறவங்க மூஞ்சப் பாத்து சொல்லு" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கதவிடுக்கில் பார்த்தேன். மாப்பிள்ளை இஸ்திரி கலையாத சட்டையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா எங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாதான் பேசினார். அத்தை காபித் தட்டோடு போனாள், நமஸ்காரம் செய்தாள், பாயில் உட்கார்ந்தாள். எல்லாம் நடக்க வேண்டியபடி நடந்தது. பிறகு அந்த அம்மாள், எல்லா அம்மாள்களும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"பாட்டு ஏதானா வருமாம்மா?"

"எனக்கு வராதுங்க. எங்க அண்ணன் பொண்ணு நல்லா பேசுவா. நாளைக்கு ஸ்கூல்ல போட்டி. கூப்பிடட்டுங்களா?"

"கூப்புடேன், கொழந்தைங்க பேசுனா கேக்கறதுக்கு நல்லாத்தானே கீது."

அம்மா கையிலிருந்த பஜ்ஜித் தட்டு அப்படியே நின்றது. நான் வெளியே வந்தேன்.

முதலில் அந்த அம்மாளின் கை தன் தாலிச்சரட்டுக்குப் போனது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வணக்கம் சொல்லி, அந்தப் பெயரை என் பாணியில் உச்சரித்து, நான்தான் அவர் என்று அறிவித்தேன். வகுப்பில் ஒரே பெண்ணாக இருந்ததைச் சொன்னேன். வேலை இல்லை என்றவர்களைச் சொல்லும்போது விரலை நீட்டினேன். அது தற்செயலாக மாப்பிள்ளையின் அப்பா பக்கம் இருந்தது. "இதோ, இந்த நிமிடமும் வானத்திலிருந்து துகள்கள் வந்து உங்கள் தலை வழியாகப் புகுந்து, பாதம் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கின்றன" என்றேன். அவர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

தகட்டை உயர்த்திக் காட்டியபோது மாப்பிள்ளை கை நீட்டி வாங்கிக்கொண்டார். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். விரலெல்லாம் கரி. எங்கே துடைப்பது என்று தெரியாமல், கையைத் தனியாகத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்தக் கோடெல்லாம் இன்னா பாப்பா?"

பேச்சில் அதற்குப் பதில் இல்லை. நான் அத்தையைப் பார்த்தேன். தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"துகள் போன வழிங்க. துகளைப் பாக்க முடியாது. அது போன வழி மட்டும்தான் தெரியும்."

"அப்ப துகளு?"

"அது போயிடுச்சிங்க."

அவர் மறுபடி ஒருமுறை கண்ணாடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர் என்றுதான் இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் என் பேச்சு இன்னும் முடியவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிரில் இருந்த அந்த அம்மாளின் முகத்தை நேராகப் பார்த்து, கடைசி வரியைச் சொன்னேன்.

"ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று என்னைப் பலர் கேட்டார்கள். நான் பார்க்க வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது, அதைப் பார்த்து முடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். நன்றி, வணக்கம்."

மாப்பிள்ளையின் அப்பா மறுபடி மின்விசிறியைப் பார்த்தார். மாப்பிள்ளை தகட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, கரிக்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நல்லா பேசுனியேம்மா. யாரு எழுதிக் குடுத்தது?" என்றார் அந்த அம்மாள், சிரிக்காமல்.

"எங்க அத்தைதான்!" என்றேன் பெருமையாக. அதோடு விட்டேனா? "கடைசி வரிய இன்னிக்கிக் காலைலதான் சொல்லிக் குடுத்தாங்க. மூஞ்சப் பாத்து சொல்லச் சொன்னாங்க."

போய்த் தகவல் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். கேசரி அப்படியே இருந்தது. சாயங்காலமே தகவல் வந்தது. ஜாதகம் சரியில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்ன ஜோசியருக்கு அதற்குள் கண் திறந்துவிட்டது போலிருக்கிறது.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். வெள்ளைப் புடவைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மங்கள காரியத்தில் வெள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினால் எந்த மகராசி சம்பந்தம் செய்வாள் என்று அரற்றினாள். அத்தை சுவர் ஓரமாக நின்றாள், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உறவினர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து கேட்டபோது, அம்மா புடவைக் கதையையே சொன்னாள். அதுதான் நிலைத்தது.

அப்பா சத்தம் போடவில்லை. வெளியே போய் பஸ்ஸைக் கழுவ ஆரம்பித்தார். நான் கொண்டை அவிழ்ந்த கோலத்தில் பின்னாலேயே போனேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"கடைசில இன்னாமோ சொன்னியே, அத இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். மனப்பாடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்து, ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன்.

"ஏம்மா, அத்தைக்கு அந்த மாப்ளைய புடிக்கலியா?"

"தெரியலப்பா. அத்தைக்கு எம்.எஸ்சி.தான் புடிக்கும்."

ஏற்கெனவே பளபளவென்று இருந்த ஜன்னல் கண்ணாடியில் அப்பா திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றினார். அந்த ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போகிற பெண்களைப் பற்றி ஏதோ தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. எனக்குக் கேசரி நினைப்பு.

அம்மா கடைசி உத்தரவு போட்டாள்: நாளைக்கு ஸ்கூலில் அந்த வரியைச் சொன்னால் வாயில் சூடு. நான் அத்தையிடம் நியாயம் கேட்டுப் போனேன். அவள் என் புடவையில் பட்டிருந்த கரியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி சொல்றபடியே செய். அந்த வரி வேணாம்" என்றாள். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோப்பு நெடி என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அத்தைக்கு மதிய ஷிப்ட். அவளே என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போய்ப் புடவை கட்டிவிட்டாள். தேய்த்தும் போகாத கரி, தொடைப்பக்கம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. மேடையில் ராக்கெட்டுகள் வரிசையாக வந்து போயின. ஒருவனுடைய ராக்கெட் மைக்கில் இடித்து மூக்கு மடங்கியது, அவன் அதைப் பிடித்துக்கொண்டே பேசி முடித்தான். பிறகு என் முறை.

நன்றாகத்தான் பேசினேன். தலை வழியாகத் துகள் புகுகிற இடத்தில் தலைமையாசிரியரே அண்ணாந்து பார்த்தார். தகட்டைத் தூக்கிக் காட்டினேன். போர் வந்தது. பரிசு கைநழுவிப் போனது. "அவர்..." என்று ஆரம்பித்து, நான் என்றல்லவா சொல்ல வேண்டும் என்று நினைவு வந்து, "நான்..." என்றேன். அதோடு நின்றுவிட்டேன். பழைய முடிவு அத்தை எடுத்தபோதே என் தலையிலிருந்தும் போய்விட்டிருந்தது. புது முடிவைச் சொன்னால் சூடு. மேடை ஓரத்தில் நின்ற அத்தையைப் பார்த்தேன். கம்பெனிச் சீருடையில் இருந்தாள். விட்டுவிடு, வணக்கம் சொல்லிவிட்டு இறங்கு என்பதுபோலத் தலையாட்டினாள். பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது பந்தலின் கடைசியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பா. காக்கிச் சட்டையோடு நின்றிருந்தார். காலை ஷிப்டை இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறார். பஸ் பள்ளி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. போக்குவரத்துச் சத்தத்தில் கத்திப் பழகிய குரல், மைக் அவருக்குத் தேவைப்படவில்லை.

"பாக்க வேண்டியது இன்னும் மிச்சம் கீதுன்னு சொல்லும்மா! எல்லாத்தையும் பாத்து முடிக்கட்டும்! அண்ணன் நான் கீறேன்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை, மேடை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றவரே அனுமதி கொடுத்துவிட்டார், இனிமேல் சூடு இல்லை என்ற தைரியத்தில் நான் வரியை முழுசாகச் சொல்லி, நன்றி வணக்கமும் சொல்லி இறங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது. ஆனால் மூக்கு மடங்கிய ராக்கெட்டுக்கு முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள். எனக்கு இரண்டாவது. வெளியிலிருந்து வீட்டார் எடுத்துக் கொடுத்ததால் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று டீச்சர் சொன்னார்.

அந்த ஜூனிலேயே அத்தை எம்.எஸ்சி. சேர்ந்தாள். அதற்குமேலும் படித்தாள். இன்றைக்கு ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறாள். கல்யாணமும் அவள் வரிப்படியே, பார்த்து முடித்துவிட்டு நடந்தது. அந்தக் கல்யாணத்தில் அம்மா என்னை வெள்ளைச் சுடிதார்கூடப் போடவிடவில்லை.

ஆனால் அன்று மத்தியானம் எனக்கு எதுவும் தெரியாது. காலி பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். என்னை இறக்கிவிட்டு, அத்தையை ஷிப்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். அப்பா கண்ணாடி வழியாகக்கூடப் பின்னால் பார்க்காமல் ஓட்டினார். அத்தை ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, முன்கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு முதல் பரிசு போனதற்குத்தான் இவ்வளவு அழுகை என்று நினைத்தபோது, எனக்கும் துக்கம் பொங்கிவந்தது. எல்லாவற்றுக்கும் காரணமானவர் எதுவும் நடக்காதது மாதிரி கியர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"உன்னாலதான்பா போச்சு!" என்று கத்தினேன். "வரியவே தப்பு தப்பா சொல்ற! அந்த விஞ்ஞானிக்கு அண்ணனே கெடையாது! அத்தை எழுதுனதுல அண்ணன்னு எங்கியாச்சும் வருதா? கேட்டுப் பாரு!"

அத்தை கம்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்பா வேகத்தடையில் பஸ்ஸை மெதுவாக ஏற்றி இறக்கினார்.

"தெரியாம சொல்லிட்டேம்மா" என்றார்.

அடுத்த போட்டிக்காவது ஒழுங்காகப் படித்துக்கொண்டு வந்து எடுத்துக்கொடு என்று நான் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.